முதுகு காட்டிய முருகன்

மருந்துக்காரர் வந்துவிட்டார் என்று தெருமுனையில் குரல் கேட்டதும் எங்கள் மலையூரான செம்மேட்டில் எல்லா வீட்டுச் சாமிகளும் வெளியே வந்தன.

மலைக்காய்ச்சலை ஒழிக்க சர்க்கார் அனுப்பிய ஆள் அவர். காக்கி அரைக்கால் சட்டை, முதுகில் தகர டப்பா, கையில் நீளக் குழாய். வீட்டுக்குள் புகுந்து சுவர் பூராவும் வெள்ளை மருந்தைப் பீச்சி அடிப்பார். அதற்கு முன்னால் பானை, பாய், அரிசி, உப்பு, கைக்குழந்தை எல்லாம் வாசலுக்குப் போய்விட வேண்டும். சாமியும் போக வேண்டுமா என்பதில்தான் எங்கள் வீட்டில் தகராறு.

"சாமி மூலையில மட்டும் அடிக்காதீங்க" என்றார் அப்பா.

"கொசுவுக்குச் சாமி மூலை, சமையல் மூலைன்னு தெரியாதுங்களே. பூராவும் அடிக்கோணும். சாமி மேல பட்டா நான் பொறுப்பில்லீங்க."

அப்பா தோளில் கிடந்த துண்டை விரித்தார். சாமியின் பட்டுத்துணியைக் கழற்றிவிட்டுத் துண்டில் பொதிந்து, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி வந்தார். பலாமரத்தடியில் மரக்காலைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். துண்டை உருவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்றைக்குக் கடையில் கூட்டம்.

ஒரு கோழி வந்து சாமியைப் பார்த்துவிட்டுப் போனது. பக்கத்து வீட்டுக்காரி அவசரத்தில் தன் மாரியம்மனை மிளகாய்க் கூடைக்குள் வைத்திருந்தாள். அம்மன் தும்மாததுதான் பாக்கி.

எங்கள் வீட்டுச் சாமியை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக வெயிலில் பார்த்தேன். அதற்கு முகமே இல்லை.

புளி தின்ற மூக்கு

போன வாரம் இந்தப் பக்கத்தில் எங்கள் கடைக் கழுதையைப் பற்றி எழுதியிருந்தேன். "கழுதைக்கு ஒரு வாரம் கொடுத்தீர்களே, கடவுளுக்கு எப்போது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கழுதைக்கு முகம் இருந்தது, அதனால் எழுதுவது சுலபமாக இருந்தது.

எங்கள் சாமி ஒரு சாண்கூட இல்லாத பித்தளை முருகன். அப்பாவின் அப்புச்சி, அதாவது அவருடைய அம்மாவைப் பெற்றவர், பழநிக்கு நடந்து போய் வாங்கி வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேய்த்ததில் முதலில் மூக்கு போயிற்று. அப்புறம் கண், வாய், விரல்கள். வேல் உடம்போடு கரைந்துவிட்டது. பக்தி கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் மூக்காவது மிஞ்சியிருக்கும்.

அது முருகனே இல்லை என்று சொல்கிறவர்களும் குடும்பத்தில் உண்டு. என் அத்தை அது பிள்ளையார்தான் என்று சாதிப்பாள். தும்பிக்கை தேய்ந்து உதிர்ந்துவிட்டதாம். அப்பாவுக்கும் அவளுக்கும் இதனால் ஒரு பொங்கல் முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

முகம் இல்லாதது யாருக்கும் உறுத்தவில்லை. சாமிக்கு எந்நேரமும் பட்டுத்துணி சுற்றியிருக்கும், மேலே சந்தனம், அதன்மேல் பூ. அலங்காரத்தில் பார்த்த ஆளைக் குளிக்கும்போது யாருக்கு அடையாளம் தெரியும்? எது முன்பக்கம் என்று தெரிவதற்காகப் பீடத்தில் ஒரு குங்குமப் பொட்டு இருக்கும். தேய்க்கும்போதும் அதை அழியவிட மாட்டார்கள். எங்கள் முருகனுக்கு முகம் என்று இருந்தது அந்தப் பொட்டு ஒன்றுதான்.

பிற்பாடு நான் சேலத்துக்குக் குடிவந்தபோது வீட்டில் வைக்கும் சாமிகளுக்கு எத்தனை சட்டதிட்டம் என்று தெரிந்து மலைத்துப் போனேன். நடராஜரை வைத்தால் குடும்பம் ஆட்டம் கண்டுவிடும். புல்லாங்குழல் கிருஷ்ணனை வைத்தால் இருக்கிற சொத்தை ஊதித் தள்ளிவிடுவான். கோவணத்தோடு நிற்கும் பழநியாண்டியை வைத்தால் வீட்டுக்காரர் ஆண்டியாகிவிடுவார். எதிர்வீட்டு அம்மாள் ஒவ்வொரு பொம்மையாகத் தானம் பண்ணிவிட்டுக் கடைசியில் வெறும் விளக்கை மட்டும் வைத்துக் கும்பிட்டாள். அதிலும் திரி எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று கவலை.

எங்கள் சாமி எந்தக் கோலத்தில் நிற்கிறது என்பதே தெரியாததால் ஒரு சட்டமும் எங்கள்மேல் பாயவில்லை.

மலையில் பயிர் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் கடைக்கு மிளகு கொண்டுவரும் வெள்ளையன் என்ற விவசாயியிடம் ஒருமுறை அப்பா கேட்டார்: "ஏப்பா, உங்க ஊட்ல சாமி இல்லியா?"

"எங்க சாமி சோலைக்குள்ள இருக்குதுங்க. ஊட்டுக்குள்ள வெச்சா நாம பேசறதெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்குமேங்க. புருசன் பொண்டாட்டி ஒரு வார்த்த மனசு விட்டுத் திட்டிக்க முடியுமா?"

அப்பா சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் சாமி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்டுக்கொண்டது மட்டுமா, பதிலும் சொன்னது.

ஒரு காரியத்துக்கு ஒரு பூ

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாமியைக் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் இரண்டு தோளிலும் ஒவ்வோர் அரளிப்பூ ஒட்டி வைப்பார் அப்பா. தோள் என்று நாங்கள் நம்பிய இடத்தில். மனதில் கேள்வியை நினைத்துக்கொண்டு கும்பிடுவார். சாமியின் வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் 'செய்'. இடப்பக்கம் விழுந்தால் 'வேண்டாம்'. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்க வேண்டும். திரும்பக் கேட்டால் சாமியைச் சோதித்த பாவம் வரும்.

அப்பா இதைக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டார். கழுதை வாங்கியது பூக் கேட்டுத்தான். நம்பி வந்தவர்களுக்கும் கேட்டுச் சொல்வார். மருந்தடித்த சில நாளில் வெள்ளையனே வந்து நின்றான். சாமை விதைக்கிற மேட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நடலாமா என்று அவனுக்குக் குழப்பம். தன் சாமியிடம் கேட்கச் சோலை வரைக்கும் நடக்கச் சோம்பலோ என்னவோ. வலப்பக்கம் விழுந்தது. நட்டான்.

அறுவடை முடிந்த சமயம் எனக்கு வரன் வந்தது.

மாப்பிள்ளை மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். சொந்த லாரி. இரண்டாம் தாரம். மூத்தவள் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்று சொன்னார்கள். அப்பாவுக்கு லாரியின்மேல் மயக்கம். மலைக்கு ரோடு வரப்போகிறது என்று அப்போது ஒரே பேச்சு. "ரோடு வந்துருச்சுன்னா என்ற புள்ள லாரியிலயே ஏறி ஊட்டு வாசல்ல எறங்குவா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அப்பா கெட்டவர் இல்லை. மகள் பக்கத்தில் வந்துபோய் இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அவருக்கு.

அம்மா சந்தையில் விசாரித்தாள். கீழேயிருந்து தலைச்சுமையாகப் பாத்திரம் கொண்டுவந்து விற்கும் ஒரு பெண் அந்த ஊர்க்காரி. அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் காதருகே சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"தவறி விழுந்தவ, தாலியக் கழட்டி வாசப்படியில வெச்சுப்போட்டா போனா?"

அன்றைக்கு நாங்கள் ஒன்றும் வாங்காமல் வீடு திரும்பினோம். எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்த வயதில் அப்படி நடப்பது வெட்கக்கேடு, இருந்தும் விடவில்லை.

அம்மா அப்பாவிடம் சொன்னாள். அழுதும் பார்த்தாள்.

"ஊரு வாய்க்கு மூடி ஏது?" என்றார் அப்பா. "எனக்குத் தெரியாம போலாம், உனக்குத் தெரியாம போலாம். சாமிக்குத் தெரியாதா? கேட்டுப்போடலாம். வேண்டாம்னு சொன்னா விட்டுருவேன். சத்தியம்."

என்னைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பூவைத்தான் கேட்டார்கள்.

அப்பா குளித்து வந்து பூ வைத்தார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சமையல் மூலையிலிருந்து பார்த்தேன். ஈரம் காயக் காய வலப்பக்கத்துப் பூ மெல்லச் சரிந்தது. கொஞ்சம் யோசித்தது. விழுந்தது.

"உத்தரவாயிருச்சு" என்று அப்பா விழுந்து கும்பிட்டார். அன்றே கீழே ஆள் போயிற்று. வருகிற சந்தை நாளில் மாப்பிள்ளை வீட்டார் வந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாகப் பதில் வந்தது.

அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. அப்பா மட்டும் சாமி சொன்ன தைரியத்தில் நன்றாகச் சாப்பிட்டார்.

மூக்கா, கொண்டையா?

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கமாக உள்ளேயே தேய்க்கிற அம்மா அன்றைக்குச் சாமியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தாள். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் தேய்த்தாள். வெள்ளையன் மிளகு மூட்டையை இறக்கிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று அம்மா கூப்பிட்டாள்.

அப்பா கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள?"

"நம்ம சாமி திரும்பி நின்னிருக்குதுங்க."

"எங்க திரும்பி?"

"மருந்தடிச்ச அன்னைக்கு உள்ள தூக்கியாந்து வெச்சது நாந்தானுங்க. மரத்தடி மண்ணு பட்டுருச்சேன்னு கழுவினேன், பொட்டு அழிஞ்சு போச்சு. புதுப்பொட்டு வெச்சவளும் நாந்தான். அவசரத்துல பின்பக்கம் வெச்சுப்போட்டனுங்க. அன்னையிலிருந்து முருகன் செவுத்தப் பாத்துட்டு நிக்கறான். நாம முதுகக் கும்பிட்டுட்டு இருக்கறோம்."

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாமியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைப்பக்கம் மிளகளவு ஒரு மேடு இருந்தது.

"இது மூக்கு" என்றார்.

"மூக்கில்லீங்க. கொண்டை."

"பழநியாண்டவனுக்கு ஏது கொண்டை? மொட்டைத் தலையில்ல?"

"ஆண்டியக் கொண்டாந்து ஊட்டுல வெப்பாரா உங்க அப்புச்சி? அவருக்கு அத்தன விவரம் இல்லீங்களா? இது ராஜா முருகன். ராஜாவுக்குக் கொண்டை உண்டு."

அப்புச்சிக்கு விவரம் இல்லை என்று அப்பாவால் எப்படிச் சொல்ல முடியும்? அந்த நேரம் பார்த்து வெள்ளையன் வாயைத் திறந்தான்.

"அதெப்படிங்க அம்மிணி? சாமி திரும்பி நின்னிருந்தா எனக்கு 'வேண்டாம்'னுல்ல சொல்லியிருக்குது? கெழங்கு தொடை தண்டி வெளஞ்சுதுங்களே!"

அப்பாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா புள்ள? சாமி நேராத்தான் நின்னிருக்கு."

கிழங்கு விளைந்ததால் என் தலை உருளப் போகிறது. வெள்ளையனை அந்த நிமிடம் நான் வெறுத்தேன், வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அம்மா அசரவில்லை. புளிக் கையை உதறினாள்.

"வெள்ளையா, கெழங்க யார் தின்னாங்க?"

"பாதி நாங்க வித்தோமுங்க."

"மீதி?"

வெள்ளையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "காட்டுப்பன்னி தின்னுருச்சுங்க."

"சாமை போட்டிருந்தா பன்னி தோண்டியிருக்குமா?"

"இல்லீங்க."

"அப்ப வேண்டாம்னு சாமி சொன்னது சரியா, தப்பா?"

வெள்ளையன் தலையைச் சொறிந்தான். "சரிதானுங்க போல" என்றான். பாதிக் கிழங்கு தின்ற பன்றிகளுக்கு இன்றைக்கும் நான் நன்றி சொல்கிறேன்.

அப்பா விடவில்லை. "அட, எது மூஞ்சி எது முதுகுன்னு உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அம்மா எழுந்து நின்றாள். "வாரா வாரம் தேய்க்கறவ நானுங்க. நீங்க கும்பிடறதோட சரி. வந்த நாளா இந்த ஒடம்பத் தேய்ச்சிருக்கறேன். என்ற கைக்குத் தெரியாதா?"

அப்பா அந்த மேட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் சின்னக் குரலில், "இன்னொருக்கா பூ வெச்சுப் பாக்கலாமா?" என்றார்.

"ஒரு காரியத்துக்கு ஒரு பூதான்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க. சாமியச் சோதிக்கப் போறீங்களா?"

அப்பா சோதிக்கவில்லை. சாமியைத் தானே எடுத்துப் போய், சுவர்ப் பக்கம் இருந்ததை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தார். புதுப்பொட்டும் அவரே வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். இத்தனை நாள் முதுகைக் கும்பிட்டதற்கு மன்னிப்பும் கேட்டிருப்பார்.

சந்தை நாள்

மாப்பிள்ளையின் பெரிய மாமன் நான்கைந்து பேருடன் மலையேறி வந்து சேர்ந்தார். முழங்கால் வலி அவர் முகத்தில் தெரிந்தது. தண்ணீர் குடித்து முடிக்கும் வரை அப்பா பொறுத்திருந்தார்.

"சாமி உத்தரவு கொடுக்கலீங்க" என்றார்.

மாமன் சொம்பைக் கீழே வைத்தார். "என்னங்க இது? வலப்பக்கம் பூ விழுந்துருச்சுன்னு ஆளனுப்புனீங்களே?"

"விழுந்துச்சுங்க. ஆனா சாமி திரும்பி நின்னிருந்துச்சுங்க."

மாமன் எழுந்து சாமி மூலைக்குப் போய்ப் பார்த்தார். துணியும் சந்தனமும் பூவுமாகச் சாமி நின்றது. அவருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது.

வேறொருவராக இருந்தால் சிரித்திருப்பார், அல்லது அடித்திருப்பார். இவர் எங்களைப் போலவே சாமிக்குப் பயந்த மனிதர். முகம் வெளுத்துவிட்டது.

"சாமியே முதுகு காட்டின ஊடா இது?" என்றார். "இந்த ஊட்டுல பொண்ணெடுத்தா நாங்க வெளங்குவமா? நல்ல வேள, முன்னாலயே தெரிஞ்சுது. எந்திரிங்கப்பா."

வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வேண்டியதை அவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். வாசலைத் தாண்டும்போது செருப்பைக்கூட உதறிவிட்டுப் போட்டுக்கொண்டார்கள், எங்கள் வீட்டு மண் ஒட்டிவிடக் கூடாதாம்.

அப்பாவுக்கு அவமானம். எங்களுக்கு 'முதுகுச்சாமி ஊடு' என்று பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு ரொம்ப நாள் வேறு வரனே வரவில்லை. அந்த நாட்களில் நான் வயிறாரச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன். அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் பாடுபட்டேன்.

தையில்

அடுத்த தை மாதம். ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா வாசலில் சாமியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கடையில் இல்லை. ரொம்ப நாளாக மனதில் இருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அம்மா, நெசமாவே அது திரும்பித்தான் நின்னுச்சா?"

அம்மா நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "பூ வலப்பக்கம் விழுந்துச்சு. அதனால திரும்பி நின்னுச்சு."

"இடப்பக்கம் விழுந்திருந்தா?"

"நேரா நின்னிருக்கும்."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மாவும் உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள்.

"அந்த லாரிக்காரருக்குக் கல்யாணம் ஆயிருச்சாமா" என்றேன் சிரிப்பினூடே. காலையில் கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டது. "புளியஞ்சோலைப் பக்கத்துப் பொண்ணாமா."

அம்மாவின் சிரிப்பு நின்றது. அவளுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது.

அந்தப் பெண் வீட்டிலும் பூக் கேட்டிருப்பார்கள். அவர்கள் வீட்டுச் சாமிக்கு மூக்கும் முழியும் தெளிவாக இருந்ததோ என்னவோ, யாராலும் திருப்ப முடியவில்லை. எனக்குச் சிரித்த வாயை மூடிக்கொள்ளத் தெரியாமல் போயிற்று.

அம்மா சாமியை மடியில் வைத்து முந்தானையால் ஈரத்தைத் துடைத்தாள். எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையைக் 'கண்ணு' என்போம், 'சாமி' என்றும் கூப்பிடுவோம்.

"அந்தப் புள்ளைக்குத் தாய் இல்ல சாமி" என்றாள்.

என்னிடம் சொன்னாளா, மடியில் இருந்ததிடம் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.